ஒரே வளவு, மூன்று வீடு: ஆரையம்பதியில் மெஷ் போட்ட அனுபவம்

மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எங்கள் வளவும் அப்படிப் பிரிந்ததுதான். கல்முனை வீதியைப் பார்த்தபடி அக்காவின் சீதன வீடு. அதற்குப் பின்னால் அம்மா இருக்கும் பழைய ஓட்டு வீடு. கடைசியில், வாவிப் பக்கம், என் வீடு. நடுவில் கிணறு, மூன்று தென்னை, தண்ணீர்த் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம், அம்மப்பா நட்ட மாமரம். அக்கா வீட்டுப் பின்சுவரில் இருந்து என் வீட்டு முன்சுவர் வரை நாடா பிடித்து அளந்தோம்: 83 மீட்டர்.

பைபர் இணைப்பு வீதியால் வந்து அக்கா வீட்டோடு நின்றுவிட்டது. நான் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போன் டேட்டாவில் வகுப்பு எடுத்தால் மாதம் முடிய முதல் டேட்டா முடிந்துவிடும். மழை நாளில் குரலும் விட்டு விட்டுத்தான் போகும். ஒரே வளவுக்குள் நல்ல இணைப்பு ஒன்று இருக்க, நான் தனியாகக் காசு கட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் சுவர்ப் பிளக்கில் குத்தும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அம்மா வீட்டில் போட்டேன். அம்மா வீட்டுக்குள் வேலை செய்தது. என் வீட்டில் இரண்டு கோடு காட்டும், பக்கம் திறக்காது. அது ஒரே ரேடியோவால் அக்கா வீட்டுப் பெட்டியோடும் என் போனோடும் மாறி மாறிப் பேசும் சாமான். ஒரு சொல்லை வாங்கி அதையே திரும்பச் சொல்வதற்குள் பாதி நேரம் போய்விடும். பாதி வேகமும் போய்விடும்.

கேபிள் இழுக்கலாமே என்று அத்தான் கேட்டார். சரியான கேள்விதான். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் சில வருடத்துக்கு முதல் ஐப்பசி இடியில் எங்கள் தென்னை ஒன்று கருகியது. அதே நொடியில் அம்மா வீட்டு டெலிபோனும் டிவியும் போயின. வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுத்தால் ஒரு வீட்டில் விழும் இடியை மற்ற இரண்டு வீட்டுக்கும் நாமே வழி காட்டி அனுப்பியது மாதிரி. பைபர் கேபிள் புதைத்தால் அந்தப் பயம் இல்லை, வேகமும் முழுதாக வரும். உண்மையில் அதுதான் ஆகச் சிறந்த வழி. ஆனால் மாமர வேரையும் கிணற்றடிச் சீமெந்தையும் தோண்ட அம்மா விடமாட்டார். ஆக, காற்று வழிதான்: வீட்டுக்கு ஒரு வைஃபை பெட்டி, அவை கம்பி இல்லாமல் தமக்குள் கைகோத்து இணைப்பைக் கடத்தும். அதைத்தான் மெஷ் என்பார்கள்.

பெட்டிகள்

வாங்கியது பாவித்த டிபி-லிங்க் டபிள்யூடிஆர்3600 மூன்று. பழைய மாதிரி. ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய மூன்று குணம் அதில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று என இரண்டு தனித்தனி ரேடியோ. மென்பொருள் தங்க 8 எம்பி ஃபிளாஷ், அது ஓட 128 எம்பி ராம். கழற்றி மாட்டக்கூடிய ஆன்டெனா. இதன் ரேடியோவை லினக்ஸில் ஓட்டுவது ஏடிஎச்9கே என்ற டிரைவர். அதற்குக் கம்பெனி மூடிவைத்த உள்மென்பொருள் (ஃபர்ம்வேர்) எதுவும் தேவையில்லை, மெஷ் முறையில் அது நம்பகமாக நிற்கும் என்பதை முதலே படித்திருந்தேன். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பழைய சின்னப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். புதிய மென்பொருள் அதற்குள் அடங்காது, வாங்க வேண்டாம்.

மூன்றிலும் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருளின் 23.05 பதிப்பை ஏற்றினேன். 2004இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்காகத் தொடங்கிய வேலை அது; பெயரிலேயே அந்த மாதிரி எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றுவது பெரிய காரியம் இல்லை. பழைய மென்பொருளின் மேம்படுத்தும் பக்கத்தில் ஃபாக்டரி கோப்பைக் கொடுத்தால் போதும். கேபிளால் மட்டும் செய்யுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுக் கோப்பை எடுங்கள். ஏற்றும்போது கரண்ட் போகாமல் யுபிஎஸ்ஸில் செருகியே செய்தேன்.

முதல் சறுக்கல் உடனேயே வந்தது. அக்கா வீட்டு பைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1. ஓப்பன்-டபிள்யூஆர்டியும் பிறந்தவுடன் தனக்கு வைத்துக்கொள்வது அதே 192.168.1.1. இரண்டையும் இணைத்ததும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. புதுப் பெட்டியை 192.168.10.1 என்று மாற்றியதும் வழி திறந்தது. மற்ற இரண்டுக்கும் 10.2, 10.3 என்று முகவரி வைத்தேன். பைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். அது சும்மா கத்திக்கொண்டிருந்தால் எங்கள் பெட்டிக்கே இடைஞ்சல்.

மெஷ் எழும்பாத இரவு

நான் எடுத்தது 802.11எஸ் என்ற மெஷ் முறை, 2011இல் தரமாக அங்கீகரிக்கப்பட்டது. பேட்மேன் என்ற இன்னொரு முறையும் உண்டு. ஜெர்மனியின் ஃபிரைஃபுங்க் சமூக வலையமைப்புக்காரர் உருவாக்கியது, அதே 2011இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் வந்தது. பத்து, இருபது பெட்டி, பல வழி, பல வாசல் என்று இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். எங்களுக்கு வரிசையாக மூன்று பெட்டி. அதற்கு 802.11எஸ் காணும்.

கணக்கு இப்படி: 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பெட்டிக்குப் பெட்டி பேச மட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வீட்டுப் போன்களுக்கு. அப்படிப் பிரித்தால்தான் ரிப்பீட்டரில் பட்ட பாடு திரும்ப வராது.

மூன்று பெட்டியையும் அக்கா வீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மெஷ் பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தேன். எழும்பவில்லை. கடவுச்சொல்லை எடுத்துவிட்டால் உடனே ஒன்றையொன்று கண்டுபிடிக்கிறது, திரும்ப வைத்தால் செத்துவிடுகிறது. இரவு பதினொரு மணி வரை எழுத்துப்பிழை தேடினேன். காரணம் வேறு. கூடவே வரும் டபிள்யூபேட்-பேசிக் என்ற சின்ன மென்பொருள் பொதிக்குக் கடவுச்சொல்லால் பூட்டிய மெஷ் தெரியாது. அதைக் கழற்றிவிட்டு டபிள்யூபேட்-மெஷ்-எம்பெட்டிஎல்எஸ் என்ற பொதியைப் போட வேண்டும். இதைச் செய்யும்போதும் பெட்டி கேபிளால் இணையத்தில் இருக்க வேண்டும். பழையதைக் கழற்றிய நொடியில் வைஃபை கடவுச்சொல் வேலையே நின்றுவிடும், பிறகு புதியதை எதால் இறக்குவது? போட்டுவிட்டுப் பெட்டியை ஒருதரம் அணைத்து எழுப்பினேன். மூன்றும் கைகோத்தன.

சானலையும், அதாவது ரேடியோ பேசும் அலைவரிசையையும், கையாலேயே கட்டிவைக்க வேண்டும். தானாகத் தெரிவுசெய் என்று விட்டால் ஒவ்வொரு பெட்டியும் தனக்குப் பிடித்த சானலில் போய் நிற்கும், பிறகு மெஷ் ஏது? நான் மூன்றிலும் 36 வைத்தேன், அகலம் 40 மெகாஹெர்ட்ஸ். 52இல் இருந்து 144 வரையான சானல்களில் ரேடார் இருக்கிறதா என்று பெட்டி முதலில் காத்திருந்து கேட்கும், ரேடார் என்று நினைத்தால் இடம் பெயர்ந்துவிடும். நடு வகுப்பில் அது நடப்பதை நான் விரும்பவில்லை. போன்களுக்கான 2.4இல் மூன்று வீட்டுக்கும் 1, 6, 11 என்று ஒன்றோடொன்று மோதாத சானல். பெயரும் கடவுச்சொல்லும் மூன்று வீட்டிலும் ஒன்றே. "வளவு" என்று பெயர் வைத்தது அக்காவின் மகன்.

டிஎச்சிபி பற்றி ஒரு சொல். முகவரி பகிரும் வேலையை அக்கா வீட்டுப் பெட்டி மட்டுமே செய்ய வேண்டும். என் வீட்டுப் பெட்டியில் அதை அணைத்தேன், அம்மா வீட்டுப் பெட்டியில் மறந்துவிட்டேன். இரண்டு நாள் ஒரு போனில் இணையம் வரும், பக்கத்துப் போனில் வராது. வராத போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தேன். நுழைவாயில் என்ற இடத்தில் 192.168.10.1 இருக்க வேண்டும். இருந்தது 10.2. அம்மா வீட்டுப் பெட்டி தன்னையே வாசல் என்று சொல்லி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

நடுப் பெட்டி

எனக்கு மூன்று சனிக்கிழமை போன இடம் இதுதான். மேசையில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பெட்டியும் பேசும். வீட்டுக்கு வீடு வைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

மெஷ்ஷை போனால் நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால் அக்கா வீட்டுப் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸில் தற்காலிகமாக ஒரு சாதாரண வைஃபை பெயரையும் எழுப்பிவிட்டு, சமிக்ஞை காட்டும் செயலியோடு வளவு முழுக்க நடந்தேன். அக்காவின் மகன் கொப்பியில் எழுதினான். செயலி காட்டுவது டிபிஎம் என்ற அளவு, எப்போதும் கழித்தல் எண். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்று. கழித்தல் 65க்கு மேல் இருந்தால் நான் சந்தோசப்படுவேன். கழித்தல் 75க்குக் கீழே போனால் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

அம்மா வீட்டில் முதலில் வைத்தது ஹோலில், இரும்பு அலுமாரிக்கு மேலே. உயரமான இடம் என்றுதான் வைத்தேன். கழித்தல் 79. அலுமாரி ஒரு பக்கத்தை அப்படியே மறைக்கிறது, பழைய சுவரும் நல்ல தடிப்பு. யன்னல் விளிம்புக்கு மாற்றியதும் 68. பின் விறாந்தையில், ஓட்டுக் கூரையின் இறவாணத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டதும் 61. பெட்டி அதே பெட்டி, அமைப்பு அதே அமைப்பு. இடம் மட்டும்தான் மாறியது. 79க்கும் 61க்கும் இடையில் 18 டிபி, அதாவது வந்து சேரும் சக்தி அறுபது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

அடுத்த வாரம் மழை பெய்தது. என் வீட்டுப் பக்கத் தொடுப்பு 63இல் இருந்து 72க்கு இறங்கியது. மழைத் துளி இந்த அலையை இவ்வளவு சின்னத் தூரத்தில் பெரிதாகத் தடுக்காது. குற்றவாளி மாமரம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாவிலை அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம். ஈரமான ஆயிரம் இலை நடுவில் நின்றால் அது தண்ணீர்த் திரைதான். இன்னொன்றும் இங்கே விளங்கியது. கண்ணால் நேரே பார்க்க முடிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. அலை நூல் மாதிரிப் போவதில்லை, நடுவில் உப்பிய சுருட்டு மாதிரிப் போகும். 35 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வெளியாக இருக்க வேண்டும். ஃபிரெனல் வலயம் என்பார்கள். எங்கள் கோடு மாங்கிளையின் அடியை உரசிக்கொண்டு போனது.

கிளையை வெட்டலாமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "உன்ட பெட்டிய நகட்டு புள்ள, மரத்த நகட்டச் சொல்லாத" என்றார். நகர்த்தினேன். விறாந்தையின் மற்ற மூலைக்கு, குசினிச் சுவர் பக்கம், மூன்று மீட்டர்தான். அங்கிருந்து கோடு மாமரத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவால் போகிறது. அக்கா பக்கம் 61இல் இருந்து 64க்குக் கொஞ்சம் குறைந்தது. என் பக்கம் 60க்கு ஏறியது. அடுத்த மழையிலும் 62தான். அக்கா பக்கம் வந்த நட்டம் எனக்குப் பெரிதில்லை. நடுப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். பலவீனமான தொடுப்பு எதுவோ, அதுதான் பின்வீட்டுக்குக் கிடைக்கும் வேகம்.

ஆன்டெனாக்களை எல்லாம் நிமிர்த்தி வைத்தோம். ஒன்றைப் படுக்கவைத்து மற்றதை நிமிர்த்தினால் ஒன்று சொல்வது மற்றதுக்குப் பாதிகூடக் கேட்காது.

குறுக்கு வழி தேடிய பெட்டி

இடம் சரியான பிறகும் ஒரு நோய் மிச்சம் இருந்தது. நல்லாகப் போய்க்கொண்டிருக்கும் வகுப்பு திடீரென்று அரை நிமிடம் உறையும், பிறகு தானாகத் தெளியும். மழை இல்லை, கரண்ட் போகவில்லை. பெட்டிக்குள் போய் அயல் பெட்டிகளின் பட்டியலைப் பார்த்தேன். என் பெட்டிக்கு ஒரு அயலார் மட்டும்தான் இருக்க வேண்டும், அம்மா வீட்டுப் பெட்டி. இருந்தது இரண்டு. 83 மீட்டர் தள்ளி இருக்கும் அக்கா வீட்டுப் பெட்டியும் கழித்தல் 85இல் கைகொடுத்து நின்றது.

மெஷ் எந்த வழியால் போவது என்பதைத் தானே தீர்மானிக்கும். ஒவ்வொரு தொடுப்பிலும் ஒரு பொட்டலத்தை அனுப்ப எவ்வளவு காற்று நேரம் செலவாகும் என்று கணக்குப் போட்டு, குறைவான வழியைப் பிடிக்கும். கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் அந்த 85 தொடுப்பு சில நேரம் பிடிக்கும், சில நேரம் விடும். பிடித்த உடனே ஒரு தாவல் மட்டும் என்பதால் அந்த வழி கவர்ச்சியாகத் தெரியும். பெட்டி அதற்குத் தாவும், பிறகு பொட்டலம் விழத் தொடங்கும், திரும்ப அம்மா வீட்டு வழிக்கு வரும். அந்தப் போக்குவரத்துக்குள்தான் என் வகுப்பு உறைந்தது.

மருந்து ஒரே வரி. மெஷ் அமைப்பில் சமிக்ஞை வாசல் என்று ஒன்று உண்டு. அந்த அளவுக்குக் கீழே வரும் பெட்டியோடு கைகோக்க மறுத்துவிடும். மூன்று பெட்டியிலும் கழித்தல் 78 வைத்து வைஃபையை அணைத்து எழுப்பினேன். ஏற்கனவே கோத்த கை அப்படியே நிற்கும் என்பதால் அணைத்து எழுப்புவது அவசியம். அன்றிலிருந்து என் பெட்டியின் பட்டியலில் ஒரே அயலார். உறைவும் இல்லை. வரிசையாகப் பெட்டி வைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

வேகம்: அக்கா வீட்டில் கேபிளால் அளந்தால் 92 எம்பிபிஎஸ் (நொடிக்கு 92 மெகாபிட்). அம்மா வீட்டில் 84. என் வீட்டில் 41. ஏறத்தாழப் பாதி, காரணம் அதேதான்: அம்மா வீட்டுப் பெட்டி ஒரே சானலில் என்னிடம் வாங்கி அக்காவிடம் கொடுக்கிறது. ரிப்பீட்டரில் போன்களும் அதே ரேடியோவைப் பங்குபோட்டன. இங்கே போன்கள் வேறு ரேடியோவில் இருப்பதால் இந்தப் பாதி அப்படியே கைக்கு வருகிறது. வகுப்புக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும்.

எறும்பும் இடியும்

விறாந்தையில் தொங்கும் பெட்டிக்கு மூடியோடு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. வயர் அடிப்பக்கத்தால் மட்டும் நுழைகிறது. நுழைய முதல் ஒரு முழம் கீழே தொங்கி மேலே ஏறுகிறது, வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். காற்றுப் போக அடியில் துளைகள், துளைகளுக்கு உள்பக்கம் நுளம்பு வலை. வலை போட முதலே ஒரு கிழமைக்குள் எறும்பு முட்டையோடு குடிவந்துவிட்டது. பலகையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. தூரிகையால் தட்டி எடுத்தேன், நல்லவேளை அரிக்கவில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி, வாடையில் கடலுப்பு. மாதம் ஒருதரம் டப்பாவைத் திறந்து பார்க்கிறேன்.

கடைசிப் பிரச்சினை அம்மா. வானம் கறுத்தாலே அம்மா வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவார். தென்னை கருகிய நாளில் இருந்து அப்படி. அவர் செய்வது சரி, அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நடுப் பெட்டி அணைந்தால் என் வீடு இருட்டு. ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம்தான் இடி, பின்னேரம்தான் என் வகுப்பு.

ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்றை டப்பாவுக்குப் பக்கத்தில் பொருத்தினேன். சுவர்ப் பிளக்கைக் கழற்றியதும் பெட்டி பேட்டரிக்கு மாறும். அந்த நேரம் அதற்கு வெளியே இருந்து ஒரு கம்பியும் வருவதில்லை, கரண்ட் கம்பியும் இல்லை, லேன் கேபிளும் இல்லை. செம்பு வழியாக உள்ளே வர இடிக்குப் பாதை கிடையாது. நாங்கள் காற்று வழியை எடுத்ததன் முழுப் பயனும் எனக்கு அன்றுதான் கையில் கிடைத்தது. என் வீட்டிலும் ஒன்று வைத்தேன். அக்கா வீட்டில் பைபர் பெட்டிக்கும் மெஷ் பெட்டிக்கும் சேர்த்துக் கொஞ்சம் பெரியது.

போன வியாழக்கிழமை இருபடிச் சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் இடி முழங்கியது. யன்னலால் பார்த்தேன், அம்மா குசினிச் சுவர்ப் பக்கம் போய்ப் பிளக்கைக் கழற்றி வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். டப்பாவுக்குள் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். திரையில் ஒரு பிள்ளை, "டீச்சர், மற்ற விடை கழித்தல் மூன்றா?" என்று கேட்டது. ஓம் என்றேன்.